பிரிமுலா இலைப்புள்ளி: நுண்ணோக்கியில் பார்த்தவரை

மார்கழித் தொடக்கத்தில் பெங்களூரு நர்சரி ஒன்றிலிருந்து பிரிமுலா ஒப்கோனிகா என்னும் பூச்செடித் தொட்டிகள் மூன்றைக் காட்பாடிக்கு எடுத்து வந்தேன். குளிர்ச்சியில் வாழும் செடிக்கு வேலூர் வெயில் ஆகாது என்று தெரிந்தேதான் வாங்கினேன்; தை முடியும் வரை பூத்தால் போதும் என்பது என் கணக்கு. பொங்கல் கழிந்த வாரம், பனி விழும் கிழக்குத் திண்ணையில் இருந்த தொட்டிகளில், மண்ணை ஒட்டிய கீழ் இலைகளில் மட்டும் மிளகு அளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான மஞ்சள் வளையம் இருந்தது.

அணைக்கட்டுப் பக்கம் பயிர் செய்யும் பெரியப்பா பார்த்துவிட்டு, “மல்லாட்டைக்கு வர்ற டிக்காதாம்பா இது, மருந்து வாங்கி அடி” என்றார். மஞ்சள் வளையத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் டிக்கா நோயை உண்டாக்கும் இரண்டு பூஞ்சைகளும் வேர்க்கடலையை விட்டு இந்தச் செடிக்கு வருபவை அல்ல. அவற்றின் வளர்ச்சியும் கருமை கலந்த நிறத்தில் இருக்கும். இன்னதென்று தெரியாமல் மருந்து அடிக்க எனக்கு மனமில்லை.

பத்து மடங்கு கைலென்ஸில் முதலில் தேடியது கரும்புள்ளிகளை. பிரிமுலாவில் புள்ளி உண்டாக்கும் ஃபில்லோஸ்டிக்டா, அஸ்கோகைட்டா ஆகிய பூஞ்சைகள் தம் நுண்ணிய வித்துகளைச் சிறு குடுவை போன்ற உறுப்புகளுக்குள் வைப்பதால், காய்ந்த புள்ளியின் நடுவில் குண்டூசி முனை அளவில் கருமை தெரியும். அப்படி ஒன்றும் தென்படவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தபோது, புள்ளிக்கு நேர் கீழே மட்டும் விபூதி தூவியது போல் வெண்மை படிந்திருந்தது. சாம்பல் நோயாக இருந்திருந்தால் அந்த வெண்மை புள்ளியின் எல்லைக்குள் அடங்காமல் இலைப்பரப்பில் படர்ந்திருக்கும்.

வெண்மை போதிய அளவு இல்லாததால், இரண்டு இலைகளை ஈரத் துணி விரித்த டிபன் பாக்ஸில் ஒரு நாள் மூடி வைத்தேன். (இந்தச் செடியின் ரோமங்களில் உள்ள பிரிமின் என்னும் பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் தரும். கையுறை இல்லாமல் இலை கிள்ளிய முதல் நாள், மணிக்கட்டு வரை சொறிந்துகொண்டிருந்தேன்.) மறுநாள் வெண்மை நன்றாகத் தடித்திருந்தது.

முதல் ஸ்லைடைக் கெடுத்தது நான்தான். பிளேடால் சுரண்டி, பூஞ்சையை நீலமாகக் காட்டும் சாயமான லாக்டோஃபினால் காட்டன் புளூ ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், நிறமற்ற நீள்வட்ட வித்துகள் உதிரி உதிரியாக மிதந்தன. பெரும்பாலானவை 15 முதல் 25 மைக்ரான் நீளம், சிலவற்றில் நடுவே ஒரு குறுக்குச் சுவர். வித்துகள் சங்கிலியாக உண்டானால் ராமுலேரியா, தனித்தனியாக உண்டானால் செர்கோஸ்போரெல்லா என்று சந்தேகத்தை இரண்டு பூஞ்சைப் பேரினங்களுக்குள் குறுக்கி வைத்திருந்தேன். சுரண்டியதில் சங்கிலி இருந்திருந்தாலும் அறுந்திருக்கும் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. அடுத்த முறை செல்லோ டேப்பை வெண்மையின் மேல் அழுத்தாமல் தொட்டு எடுத்தேன். அதில் இரண்டு மூன்று வித்துகள் கோத்தபடி நின்ற துண்டுகள் ஐந்தாறு கிடைத்தன.

முடிவைத் தந்தது நூறு மடங்கு எண்ணெய் லென்ஸ். வித்தின் முனையில், அது தாயிலிருந்து பிரிந்த இடத்தில், சற்றே தடித்துக் கருத்த ஒரு தழும்பு இருந்தது. காம்பு அறுந்த காயில் இருக்கும் வடு போல. கெட்டுப்போனது என்று ஒதுக்கிய முதல் ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். பல வித்துகளில் இரு முனையிலும் தழும்பு இருந்தது. தனித்து உண்டாகும் வித்துக்கு அடிமுனையில் ஒரு தழும்புதான் இருக்க முடியும். இரு முனையிலும் இருந்தால் முன்னும் பின்னும் ஏதோ ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஆக, அறுந்துபோன வித்துகளிலேயே சங்கிலிக்குச் சாட்சி இருந்திருக்கிறது.

பேரினம் ராமுலேரியா என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரிமுலாவில் வரும் ராமுலேரியாவுக்குத் தூமென் என்னும் பூஞ்சை ஆய்வாளர் இட்ட பெயர் ராமுலேரியா பிரிமுலே. இந்தப் பேரினத்தின் பூஞ்சைகள் பெரும்பாலும் குறுகிய உறவு வட்டத்துச் செடிகளோடு நின்றுவிடுபவை என்பதால் அந்தப் பெயர் பொருந்துகிறது, ஆனால் அது செடியை வைத்துச் சொன்ன பெயரே தவிர நான் அளந்து நிறுவிய பெயர் அன்று. பக்கத்துத் தொட்டிகளின் ஜினியாவிலும் அவரையிலும் ஒரு புள்ளிகூட வரவில்லை. உறவுச் செடியில் சோதிக்க ஆசை இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வாயுவிளங்கம், 2009ஆம் ஆண்டின் வகைப்பாட்டுத் திருத்தத்திற்குப் பிறகு பிரிமுலாக் குடும்பத்தில்தான் சேர்கிறது. கடையில் கிடைப்பதோ உலர்ந்த காய். பச்சை இலைக்கு நான் எங்கே போவது?

மருந்து அடிக்கவில்லை. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்தேன். தொட்டிகளை ஒரு முழம் இடைவெளி விட்டுத் தள்ளி வைத்து, இலை நனையாமல் காலையில் மண்ணுக்கு மட்டும் நீர் ஊற்றினேன். தை முடியும் வரை புதிய இலைகளில் இரண்டே புள்ளிகள் வந்தன. மாசி வெயிலில் மூன்று தொட்டிகளும் வாடிப்போயின. செய்தித்தாள் மடிப்பில் உலர்த்திய நான்கு இலைகள் உறையில் இருக்கின்றன. அதன் மேல் “ராமுலேரியா, பிரிமுலேயாக இருக்கலாம்” என்று எழுதி வைத்திருக்கிறேன்.