மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் ஒரு மாஸ்டர்ஸ்: டெபாசிட் கட்டும் முன் நான் பட்ட பாடு

அமெரிக்காவில் ஒரு டிகிரி முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். நியூ ஜெர்சியில் பயாலஜி டிகிரி முடித்தபோது என் ஜிபிஏ, அதாவது 4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.19. அறிவியல், கணிதப் பாடங்களை மட்டும் எடுத்தால் 3.02. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 511 வந்திருந்தது, அதில் குறையில்லை. ஆனால் இந்த ஜிபிஏவோடு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால் பணம்தான் போகும் என்று கல்லூரி ஆலோசகர் சொல்லிவிட்டார். "ஒரு மாஸ்டர்ஸ் பண்ணிடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார் அப்பா. ஊரில் பி.ஜி. மார்க் நன்றாக இருந்தால் டிகிரி மார்க்கை யாரும் கிளற மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நானும் அதை நம்பித்தான் இறங்கினேன்.

இங்கே அந்தக் கணக்கு செல்லாது. எம்.டி. என்பது இங்கே அடிப்படை மருத்துவப் பட்டம். பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும் பொதுச் சேவையான ஆம்காஸ், மாஸ்டர்ஸ் மதிப்பெண்ணைத் தனி வரியில் காட்டும். இளநிலை ஜிபிஏயோடு கலக்காது. மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் என் 3.19 அப்படியே நிற்கும். அது ஏற வேண்டுமென்றால் டிகிரிக்குப் பிறகு இளநிலை அளவிலான பாடங்களையே மேலும் எடுக்க வேண்டும், அதுதான் போஸ்ட்-பேக். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னிடம் 130 கிரெடிட் இருந்தது. இன்னும் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் 'ஏ' வாங்கினாலும் 3.34தான் வரும். அதனால்தான் எஸ்எம்பி என்கிற ஸ்பெஷல் மாஸ்டர்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மெடிக்கல் ஸ்கூல் முதலாண்டுப் பாடத்தின் சுமையை என்னால் தாங்க முடியும் என்று காட்டத்தான் அது. உங்கள் ஜிபிஏ 3.0-க்குக் கீழே என்றால் முதலில் போஸ்ட்-பேக் பற்றி யோசியுங்கள். இன்னொன்று, எஸ்எம்பியில் சறுக்கினால் அதை மறைக்க வழியே கிடையாது.

விண்ணப்பம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. 2025 மே மாதக் கடைசியில் ஒரு கல்லூரியிலிருந்து இடம் கிடைத்தது. பத்து நாளுக்குள் 1,000 டாலர் டெபாசிட், திரும்ப வராது. அவர்கள் வெப்சைட்டின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் ஒரு வெற்றிச் சதவீதம் இருந்தது. அப்பா கார்டை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்: அந்தச் சதவீதம் எத்தனை பேரில்?

போன் செய்தேன். "எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது" என்றார் எடுத்தவர். இரண்டு மின்னஞ்சல் போட்டேன், அதே வெப்சைட் இணைப்பைப் பதிலாக அனுப்பினார்கள். மூன்றாவது முறை பேசியவர்தான் வாய் திறந்தார். 3.5-க்கு மேல் எடுத்து முடித்து, கல்லூரியின் பரிந்துரைக் கடிதமும் பெற்றவர்களை மட்டுமே கணக்கில் சேர்க்கிறார்களாம். வெற்றி என்பதில் பல் மருத்துவம், பார்மசி, இன்னொரு மாஸ்டர்ஸ் எல்லாமே அடக்கம். "சரி, மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் எம்.டி.க்கோ, இன்னொரு மருத்துவப் பட்டமான டி.ஓ.வுக்கோ போனார்கள்?" என்று கேட்டேன். அந்தத் தகவலை அவர்கள் சேகரிப்பதில்லையாம். கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு 60,000 டாலருக்கு மேல் ஆகும் படிப்பு அது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

லிங்க்ட்இனில் அங்கே படித்த பதினொரு பேருக்கு எழுதினேன். நாலு பேர் பதில் போட்டார்கள். மருத்துவ மாணவர்களோடு ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை, கட்டடமே வேறு என்று மூன்று பேர் சொன்னார்கள். 1970-களிலேயே தொடங்கிய ஜார்ஜ்டவுன் எஸ்எம்பியில் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடத்தையே படிக்க வைத்து, அவர்களோடு ஒப்பிட்டு எடைபோடுவார்கள். நான் மனதில் வைத்திருந்த அளவுகோல் அது. ஒன்பதாவது நாள் அந்த இடத்தை வேண்டாம் என்றேன். அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

கையில் வேறு இடம் இல்லை. அடுத்த கல்லூரியில் இதே கேள்வியைக் கேட்ட அன்றே ஒரு பக்கத்தில் எல்லாம் வந்தது: சேர்ந்தவர்கள், பாதியில் விட்டவர்கள், விண்ணப்பித்தவர்கள், இடம் கிடைத்தவர்கள். 3.5 எடுத்தால் அவர்கள் மெடிக்கல் ஸ்கூலிலேயே நேர்காணல் உறுதி என்று எழுத்தில் கொடுத்தார்கள். ஆனால் என் கோப்பு முழுமையாகவில்லை. பள்ளியில் படிக்கும்போது ஒரு கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு கால்குலஸ் பாடம் எடுத்திருந்தேன். அந்த டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வேண்டும். (ஆம்காஸும் இதே போல ஒரு பாடத்துக்குக்கூடக் கேட்கும்.) ஆன்லைனில் போட்டால் 'ஹோல்ட்', அதாவது நிறுத்திவைப்பு, என்று நின்றது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போனேன். வெள்ளிக்கிழமை. கோடையில் வெள்ளி விடுமுறை என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை மறுபடி போனால், ஆறு வருடத்துக்கு முந்தைய பார்க்கிங் அபராதம் 35 டாலர் பாக்கியாம். "இங்கே கட்ட முடியாது, அடுத்த கட்டடம்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கட்டிவிட்டு வந்தால், ஹோல்ட் எடுக்க மூன்று வேலை நாள் ஆகும் என்றார். இடங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டிருந்தன. பணம் கட்டிய ஜன்னலுக்கே திரும்பிப் போய் ரசீதைக் காட்டி நிலைமையைச் சொன்னேன். அங்கிருந்த வயதான அம்மா ஒரு வார்த்தை பேசாமல் போனை எடுத்து யாரிடமோ சொன்னார். பத்து நிமிடத்தில் ஹோல்ட் போனது. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். உங்கள் பழைய கல்லூரிக் கணக்குகளையெல்லாம் இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கடன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மாஸ்டர்ஸுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர்தான். மீதியை எப்படிக் கட்டுவது என்று முடிவுசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஜூலை இரண்டாம் வாரம் இடம் கிடைத்தது. மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தை அந்தக் கோடையில் போடவில்லை. என் புது மதிப்பெண் எதுவும் இல்லாமல் அது போவதில் பயனில்லை. படிப்பை முடித்துவிட்டுப் போடுவதாக முடிவுசெய்தேன். டெபாசிட்டை அப்பாதான் கட்டினார். கட்டும் முன் அந்த ஒரு பக்கக் கணக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.