எந்த வார்டுப் பை?

காரைக்குடியில் 30 படுக்கைகள் உள்ள மருத்துவமனை ஒன்றில் தொற்றுத் தடுப்புப் பொறுப்பைப் பார்க்கும் செவிலியர் நான். குப்பைக்கு சென்சார் வைக்கலாம் என்று நாங்கள் முடிவெடுத்தது ஒரு ஊசியால்.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கியபோது உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. ஊசி போக வேண்டியது துளையாத வெள்ளை டப்பாவுக்கு. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. ஆனால் முடிவு வரும்வரை அக்கா பேரனைத் தூக்கவே பயந்தார். அந்தப் பை எந்த வார்டிலிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பைகளுக்கு பார்கோடு வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. நாங்கள் கழிவை எடுத்துப்போகும் வண்டி வரும் நேரத்தில் மொத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தோம். இனி பை கட்டும் இடத்திலேயே ஒட்டுவது, குப்பை அறைத் தராசில் வைத்ததும் எடையும் நேரமும் தானாகப் பதிவாவது, தொட்டி மூடியில் நிரம்பும் அளவைக் காட்டும் சென்சார் என்று திட்டம் போட்டோம்.

முதல் தடங்கல் சுவர். எங்கள் குப்பை அறை, பின்கட்டில் பழைய செட்டிநாட்டு வீட்டின் மிச்சம். அந்தத் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை வரவே இல்லை. குறைந்த அலைவரிசையில் போகும் லோரா கருவிக்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

அடுத்தது தொட்டி. சென்சார் மீயொலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து அளவு சொல்லும். பையின் வாய் உள்ளே மடங்கிக் கிடந்தால் அதில் பட்டே ஒலி திரும்பிவிடும். காலித் தொட்டி நாள் முழுக்க "நிரம்பிவிட்டது" என்று கத்தியது. பை வாயை வெளிப்பக்கம் மடித்து, மேலே ஒரு வளையம் போட்டோம். அதோடு நின்றது.

எடை பதிவாகத் தொடங்கிய பிறகு ஒரு வார்டின் மஞ்சள் பை மட்டும் இரவு ஷிஃப்டில் கனத்துக்கொண்டே வந்தது. கட்டிய பையைப் பிரிக்கக் கூடாது என்பதால் நானே ஓர் இரவு அங்கே போய் நின்றேன். பாதி சலைன் மிச்சமிருந்த பாட்டில்களை அப்படியே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தொட்டி வராந்தாக் கோடியில் இருந்தது. இரவில் ஒற்றை ஆளாக இருக்கும் சிஸ்டர் அவ்வளவு தூரம் எப்படி நடப்பார்? தவறு தொட்டியை வைத்த எங்களுடையது. மஞ்சள் பை எரியூட்டிக்குப் போகிறது. சிவப்பு, கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு. எரிக்கக் கூடாத பிளாஸ்டிக்கை இத்தனை நாள் எரிக்க அனுப்பியிருக்கிறோம். மறுநாளே தொட்டியை உள்ளே மாற்றினோம்.

மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 36 மணி ஆனதும் என் கைபேசிக்குச் செய்தி வரும். பொங்கல் விடுமுறையில் வண்டி வராதபோது அதைப் பார்த்துத்தான் போன் செய்தேன். மாலையே வண்டி வந்தது.

பைக்குள் கிடக்கும் ஊசியை எந்த சென்சாரும் காட்டாது. அதற்கு ஊசி வெட்டியை ஒவ்வொரு டிராலியிலும் வைத்தோம்.

இப்போது பையை ஸ்கேன் செய்வது அந்த அக்காதான். போன வாரம் ஸ்டிக்கர் இல்லாத ஒரு பையை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். "எந்த வார்டுன்னு ஒட்டிக் குடுங்க சிஸ்டர், அப்புறம் தூக்குறேன்" என்றார். ஒட்டிக் கொடுத்தார்கள்.