ஏழு மன்னே

நவம்பர் 19
மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு குரல் நாணிலும் முடிச்சு. "டீச்சரா?" என்றார் டாக்டர். பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாதாம். கிசுகிசுப்பாகப் பேசுவது அதைவிட மோசமாம். ஔவை நாடகம் டிசம்பர் 7. ஔவை நான்தான்.

நவம்பர் 20
சிலேட்டு வாங்கியாயிற்று. மகளுக்கு ஒரே குஷி, நான் திட்ட முடியாதே.

நவம்பர் 22
ஒத்திகைக்குப் போய் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் வசனங்களை எங்கள் குழுவில் ஒரு சின்னப் பெண் படித்தாள். இருபத்து நான்கு வயது. சும்மா படிக்கத்தான் சொன்னார்கள்; அவளோ நடித்தே விட்டாள். நன்றாகத்தான் இருந்தது. சிலேட்டில் "சூப்பர்" என்று எழுதிக் காட்டினேன். எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது.

நவம்பர் 23
அம்மா போனில் பேசினாள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். "உனக்கு எதுக்குடி இந்த வயசுல கிழவி வேஷம்?"

அம்மாவுக்கு ஔவை என்றால் கே.பி.சுந்தராம்பாள்தான். 1953இல் வந்த படம். கல்யாணப் பேச்சு வந்ததும் அந்தப் பெண் பிள்ளையாரிடம் அழுது, கிழவியாகிவிடுகிறாள். அம்மாவுக்கு அது பக்தி. எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு பெண் பாட்டெழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டுமென்றால் முதலில் அவள் உடம்பை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா? மெரினாவில் 1968இல் வைத்த சிலையும் கோலூன்றிய கிழவிதான்.

ஆனால் புறநானூறு 89 என்ன சொல்கிறது? 'மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி' என்று ஓர் அரசன் கூப்பிடுகிறான். மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி, ஆடிப் பாடும் பெண். பாட்டு ஔவையுடையது, கூப்பிடப்படுகிறவளும் அவள்தான். சங்கத்தில் அவள் பெயரில் 59 பாட்டு இருக்கிறது. ஆத்திசூடி பாடியவள் பல நூற்றாண்டு தள்ளி வந்த வேறொருத்தி. எல்லோரையும் ஒரே நரைமுடிக்குள் திணித்துவிட்டோம். கவிஞர் இன்குலாப் தன் நாடகத்தில் அந்த நரையைக் கழற்றி, பாணர் கூட்டத்தில் பாடித் திரியும் இளம்பெண்ணாக அவளைக் கொண்டு வந்தார். இயக்குநர் அ. மங்கை அதை மேடையேற்றினார். மணிமேகலையையும் இந்த இருவர்தான் செய்தார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல எனக்குக் குரல் இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டாள்.

நவம்பர் 24
மழை. ஒத்திகை இல்லை. ஆவி பிடித்தேன், மூன்று வேளை.

நவம்பர் 26
கை. அந்தக் கைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதியமான் இறந்த பிறகு அவள் பாடிய புறநானூறு 235ஐ, எங்கள் நாடகத்தை இயக்கும் அக்கா அப்படியே கடைசிக் காட்சியில் வைத்திருக்கிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் குடித்து மகிழ்வான். ஒவ்வொன்றும் 'மன்னே' என்று முடிகிறது. இனி அது இல்லை என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஏழாவதில்தான் கை வருகிறது: 'நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே.' மணக்கும் அவன் கை, புலால் வீசும் என் தலையைத் தடவும். தன் தலை நாறும் என்று அவளே சொல்கிறாள், கூச்சமே இல்லாமல். அப்படி ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு நெருக்கம் வேண்டும்!

அதியமானாக நடிப்பவர் முன்காட்சியில் என் தலையில் கை வைப்பது ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. நல்ல மனிதர், ரொம்ப மரியாதை. சிலேட்டில் "தடவுங்க" என்று எழுதினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

நவம்பர் 29
பத்து நாள் முடிந்தது. "அம்மு" என்று கூப்பிட்டேன். மகள் திரும்பிப் பார்த்து, "யாரும்மா அது?" என்றாள்.

மணிக்கு ஐந்து நிமிடம் பேசலாமாம்.

டிசம்பர் 1
இன்குலாப் போன நாள். 2016. உடலைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்கு சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒத்திகையில் அக்கா இதைச் சொன்னதும், அந்தச் சின்னப் பெண் சட்டென்று 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்றாள். அதியமான் வாசலில் காக்க வைத்தபோது ஔவை சொன்னது. நான் சொல்லியிருக்க வேண்டியது. என் ஐந்து நிமிடம் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

டிசம்பர் 3
போஸ்டருக்கு வெள்ளை முடி வைத்துப் படம் எடுக்கலாமா, அப்போதுதான் ஔவை என்று சனங்களுக்குப் புரியும் என்று அரங்கத் தரப்பில் கேட்டார்களாம். அக்கா போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

டிசம்பர் 4
அக்கா கேட்டே விட்டார். "பாதி நீ, பாதி அவ. ரெண்டு ஔவை. என்ன சொல்ற?" யோசனை நல்லதுதான். ஒரு ஔவையா இருந்தாள்? 235 யாருக்கு என்று மட்டும் கேட்டேன். "நீயே சொல்லு" என்றார்.

தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 5
அவளைத் தனியாகக் கூப்பிட்டு அந்த ஏழாவது வரியைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அழகாக, சுத்தமாக. தலை நாறவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை.

டிசம்பர் 6
மாலை நான்கு மணிக்கு மறுபடி குழாய். அதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு 235ஐ முழுக் குரலில் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது மன்னே வரை போயிற்று.