ஹெல்மெட்டில் ஸ்பீக்கர், ஹேண்டிலில் போன்: ஆல்ப்ஸ் பயணத்துக்கு நீலகிரியில் தயாரான விதம்

வெளிநாட்டில் பைக் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த ஹெட்செட் வாங்கலாம் என்றுதான். லைசென்ஸும் ஹெல்மெட்டும் சரியாக இல்லாவிட்டால் அந்த ஹெட்செட் பெட்டியை விட்டே வெளியே வராது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி மலைச் சாலைகளுக்குக் குன்னூரிலிருந்து கிளம்பிய எங்கள் குழு செய்த ஏற்பாடுகள் இவை.

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை நம் மாவட்டத்துக்காரர்கள் ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். படிவம் 4ஏ, லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல்கள், போட்டோ, கட்டணம் 1000 ரூபாய். ஒரு வருடம் செல்லும். அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் அன்றோடு முடிந்தது. கைக்கு வந்ததும் அங்கேயே பிரித்து, மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'பி' பிரிவில் மட்டும் இருந்தால் அது கார் பெர்மிட். நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் இனிஷியல். லைசென்ஸில் ஒற்றை எழுத்து இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். வாடகைக் கவுண்டரில் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். லைசென்ஸில் பெயர் திருத்தம் செய்துவிட்டுப் பெர்மிட்டுக்குப் போவது நல்லது. பெர்மிட் மட்டும் தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

ஹெல்மெட்டுக்கு இங்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐரோப்பாவில் கேட்பது இ.சி.இ. 22 சான்று. இரண்டும் உள்ள ஹெல்மெட் இங்கேயே கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். தாடைப் பட்டையில் தைத்திருக்கும் துணிச் சீட்டில், வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் சான்றளித்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. கூடவே இருக்கும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது புதிய 22.06 தரம். தாடையைத் தூக்கிவிடும் மாடுலர் ஹெல்மெட்டில் 'பி', 'ஜே' இரண்டு எழுத்தும் இருந்தால்தான் தூக்கியபடி ஓட்டலாம்.

ஹெட்செட் பொருத்துவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். கன்னப் பஞ்சைக் கழற்றினால் காதுக்கு நேராக ஸ்பீக்கருக்கென்று ஒரு குழி தெரியும். அந்தக் குழியின் நடுவில் காதுத் துளை வரும் என்று நம்பிவிடக் கூடாது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, விரலை உள்ளே விட்டுத் தடவி, துளை எங்கே வருகிறதோ அங்கே வெல்க்ரோவை ஒட்டுங்கள். ஸ்பீக்கர் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால்கூடச் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். உடனே வால்யூமை ஏற்றுவோம், வெளிச் சத்தம் போய்விடும். எட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குப் பின்னால் கூடவே வரும் ஸ்பாஞ்சை வைத்து முன்னால் தள்ளலாம். காது மடலை அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலி எடுக்கும், அப்போது ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் உள்ளே இருக்கும் தெர்மாகோலைச் சுரண்டவோ ஓட்டில் துளை போடவோ கூடாது. அடியைத் தாங்குவது அந்தத் தெர்மாகோல்தான்.

ஹெல்மெட்டுக்கு வெளியே மாட்டும் பட்டன் உள்ள ஹெட்செட் யூனிட் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும், வலக்கை ஆக்சிலேட்டரை விட முடியாது. கிளாம்ப் உட்காராத ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் தட்டுதான் வழி. டிசம்பர், ஜனவரி குளிரில் ஊட்டியில் அதை வெளியில் வைத்து ஒட்டினால் பிடிக்காது. வீட்டுக்குள், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். அதே குளிரில் பேட்டரியையும் சோதித்துவிடலாம். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு உறைபனிக் காலையில் வராது.

இனிச் சட்டம். பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல், ஓட்டுகிறவர் காதில் சத்தம் தரும் எந்தக் கருவியும் இருக்கக் கூடாது. இயர்போன், இயர்பட் எல்லாம் அதில் அடக்கம்; ஒரு காதில் மட்டும் செருகியிருந்தாலும் குற்றம்தான். அபராதம் 135 யூரோ. காது கேட்கும் கருவிக்கும், ஹெல்மெட்டுக்குள் பொருத்திய ஸ்பீக்கருக்கும் விலக்கு உண்டு. ஆகவே, ஹெட்செட்டில் சார்ஜ் போய்விட்டால் போன் பெட்டியில் வந்த இயர்போனை மாட்டிச் சமாளிக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே உதவாது. ஸ்பெயினும் இயர்போனைத் தடை செய்கிறது. ஹெல்மெட் கருவிக்கு 2022 முதல் வழி விட்டிருக்கிறது. பிரான்ஸில் சி.இ. எனும் ஐரோப்பியத் தர முத்திரை உள்ள கையுறையும் 2016 நவம்பர் 20 முதல் கட்டாயம், இல்லாவிட்டால் 68 யூரோ. ஒளிரும் மேற்சட்டை ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

போனைக் கையில் எடுப்பதுதான் எல்லா நாட்டிலும் பெரிய குற்றம். ஜெர்மனியில் 100 யூரோ. சிக்னலில் நிற்கிறோமே என்று எடுத்தாலும் அதே தொகை. எஞ்சினை முழுதாக அணைத்திருக்க வேண்டும், தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் கணக்கில் வராது. பிரிட்டனில் 200 பவுண்டு. நம் விதியும் 2020 அக்டோபர் 1 முதல், ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது.

பலர் அறியாமல் மாட்டுவது வேகக் கேமரா எச்சரிக்கையில். ஜெர்மனியில் ஓட்டும்போது அதைப் பயன்படுத்தினால் 75 யூரோ. சுவிட்சர்லாந்தில் எச்சரிக்கைக் கருவியையே பறிமுதல் செய்து அழித்துவிடலாம். டிக்கெட், பணம், மேப் எல்லாம் அந்த ஒரு போனில் இருக்கும்போது இதில் துணிச்சல் காட்டாதீர்கள். மேப் செயலியின் அமைப்பில் அந்த எச்சரிக்கையை ஊரிலேயே அணைத்துவிடுங்கள். ஆஃப்லைன் மேப்பையும் ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

போன் தாங்கியில் அதிர்வைக் குறைக்கும் ரப்பர் அமைப்பு இருக்க வேண்டும். பெரிய பைக்கின் அதிர்வு போன் கேமராவின் நிலைநிறுத்தும் பாகத்தைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. வெயிலில் சார்ஜும் போட்டுத் திரையும் எரிந்தால் போன் சூடேறித் திரை மங்கும். சார்ஜ் ஓட்டையில் மழைத் தண்ணீர் பட்டால் சார்ஜ் ஏறுவது நிற்கும். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச்.

ஒத்திகைக்குக் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையைவிட நல்ல இடம் தெரியவில்லை. 14 கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், பஸ், லாரி எல்லாம் உண்டு. கோவையிலிருந்து வந்து சேர்கிறவர்கள் இ-பாஸ் எடுத்து வர வேண்டும். மேப் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டை நிறுத்திவிடுங்கள். சத்தத்துக்கு ஏற்பத் தானாக வால்யூம் ஏற்றும் வசதியை அணையுங்கள். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசுவது விளங்கும் அளவில் வால்யூமை வைத்துக் கிளம்புங்கள். அடுத்த வளைவில் வரும் பஸ்ஸின் ஹாரன் மேப் குரலைத் தாண்டிக் கேட்கிறதா என்று பாருங்கள். சுவிஸ் மலைகளில் மஞ்சள் நிற போஸ்ட் பஸ் குருட்டு வளைவுகளில் மூன்று ஸ்வர ஹாரன் அடித்து வரும். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த சாலையில் அந்த டிரைவர் காட்டும் சைகைப்படி நாம் ஒதுங்கியாக வேண்டும். ஹாரன் காதில் விழாவிட்டால் சைகையைத் தேடவும் நேரம் இருக்காது.

ஹெட்செட் வழியே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இன்டர்காமில் வளைவுக்குள் பேச்சு வேண்டாம். முன்னால் போகிறவர் மட்டும் 'பஸ்', 'சரளை', 'காட்டு மாடு' என்று ஒற்றைச் சொல் சொன்னால் போதும். அடுக்கடுக்கான வளைவுகளில் ஜி.பி.எஸ். மேல் சாலையையும் கீழ் சாலையையும் குழப்பும், குரல் தாமதமாக வரும். வளைவுக்குள் திரையைப் பார்க்காத பழக்கம் இங்கேயே வர வேண்டும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் பிராத்தோ பக்கம் மட்டும் 48 வளைவுகள், உச்சி 2757 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2637தான். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால், நமக்கு இடது வளைவு நெருக்கமாக இருப்பதுபோல வலது வளைவு நெருக்கமாக இருக்கும். இதை மட்டும் இங்கே பழக முடியாது, முதல் நாள் மெதுவாகத்தான் போக வேண்டும். ஏறும் வண்டிக்கு வழி விடுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பைக்கை எடுக்கும்போது தாங்கி எந்தக் குழாய் அளவுக்குப் பொருந்தும், யு.எஸ்.பி. இணைப்பு உண்டா, சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டணமான விக்னெட் ஏற்கெனவே கட்டியிருக்கிறதா (ஆண்டுக்கு 40 ஃபிராங்க்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவில் விழும் அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் முகவரியைக் கொடுத்து, தனிக் கட்டணமும் கார்டில் பிடிப்பார்கள். பிரான்ஸின் 135 யூரோவைக் கெடுவுக்குள் கட்டினால் 90, கெடு தாண்டினால் 375. வழியில் போலீஸ் நிறுத்தினால் வெளிநாட்டவரிடம் அங்கேயே பணம் கேட்கலாம், ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.