9.58 யாருக்குச் சொந்தம்?

பள்ளி விளையாட்டு மலருக்காக 100 மீட்டர் ஓட்டச் சாதனைகளைத் தொகுத்த மாணவி ஒருத்தி, 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடிகளில் ஓடினார் என்ற வரியை எழுதிவிட்டுப் பென்சிலால் அடித்திருந்தாள். “இணையத்தில் பார்த்து எழுதினேன் சார், பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று பயமாக இருந்தது” என்றாள். அதே பக்கத்தில், இணையத்திலிருந்தே எடுத்த போல்டின் புகைப்படத்தைத் தயக்கமே இல்லாமல் ஒட்டியிருந்தாள். அந்தப் பக்கத்தையே அடுத்த வகுப்பின் பாடமாக எடுத்துக்கொண்டேன். (பலர் காப்புரிமை என்பார்கள், அச்சொல் கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் குறிப்பதால் நான் பதிப்புரிமை என்றே சொல்கிறேன்.)

9.58 என்பதை யாரும் இயற்றவில்லை. அது நடந்தது, கடிகாரம் அளந்தது. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ, நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்களின் புள்ளிகளைப் பேஜர் வழியாக அனுப்பிய மோட்டோரோலா மீது தொடுத்த வழக்கில், 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே சொன்னது: ஒளிபரப்புக்குப் பதிப்புரிமை உண்டு, ஆட்டத்துக்கும் அதன் புள்ளிகளுக்கும் இல்லை. கேமராக் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வர்ணனையிலும் ஒருவரின் படைப்புத்திறன் இருக்கிறது. புகைப்படமும் அப்படித்தான், அதை மலரில் அச்சிட உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சாதனைகளைத் தொகுத்த அட்டவணைக்கு வந்தபோதுதான் விவாதம் சூடுபிடித்தது. “ராத்திரி பகலாகத் தொகுத்தவருக்கு ஒன்றுமே இல்லையா சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. பதிப்புரிமைக்கு உழைப்பு மட்டும் போதாது, தகவல்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அடுக்குவதிலும் சிறிதாவது சுயசிந்தனை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு தொலைபேசிப் பெயரேட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, தரவைத் திரட்டப் பெருமுதலீடு செய்தவருக்கு 15 ஆண்டுத் தரவுத்தள உரிமை தனியே உண்டு. ஆகவே எண்களை எடுக்கலாம் என்பதால் ஒருவரின் தளத்தையே மொத்தமாக அள்ளிவிடலாம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரே முடிவுப் பட்டியலைக் கொடுத்து, தங்களுக்குச் சிறந்ததாகத் தோன்றும் பத்து ஓட்டங்களை வரிசைப்படுத்தச் சொன்னேன். எந்த இரண்டு தாள்களும் ஒத்திருக்கவில்லை. தேர்ந்தெடுப்பது என்றால் என்னவென்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவி பென்சில் கோட்டை அழித்தாள், புகைப்படத்தைப் பிரித்தெடுத்தாள். அந்த இடத்தில், 1968இல் ஜிம் ஹைன்ஸ் ஓடிய 9.95இலிருந்து 9.58 வரை இறங்கும் படிக்கட்டு வரைபடம் ஒன்றைத் தன் கையாலேயே வரைந்து, அடியில் தன் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். போடச் சொன்னேன்.