இர்ஃபான் கான் பிரெஞ்சு பேசிய நாள்

இர்ஃபான் கான் வாயைத் திறந்தார். பிரெஞ்சு வந்தது.

2015 ஜூன் மாதம். மொரிஷியஸுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மோக்கா பக்கம் இருக்கும் ஒரு மாலில் 'ஜுராசிக் வேர்ல்ட்' பார்க்கப் போயிருந்தோம். நான், பக்கத்து வீட்டு மாத்தாந்த், அவருடைய பத்து வயதுப் பேரன். மாத்தாந்த் என்றால் இங்கே அத்தை, பெரியம்மா எல்லாம்தான். ஹாலிவுட் படங்கள் இங்கே பெரும்பாலும் பிரெஞ்சு டப்பிங்கில்தான் ஓடும் என்பது எனக்குத் தெரியும். கதாநாயகன் கிறிஸ் பிராட் பிரெஞ்சில் பேசியபோது ஒன்றும் தோன்றவில்லை. அவர் ஆங்கிலத்தில் பேசினாலும் எனக்கு அந்நியர்தான். ஆனால் தீவின் முதலாளி மஸ்ரானியாக இந்தி நடிகர் இர்ஃபான் கான் வந்தார். கொஞ்சம் வீங்கினாற்போல, பாதி தூக்கத்தில் இருப்பது போன்ற அந்தக் கண்களை எனக்கு எத்தனை வருடமாகத் தெரியும்! அந்தப் படத்தில் நம்ம ஊர்க்காரர் என்று நான் உரிமை கொண்டாட அவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் வேறு யாருடைய குரலிலோ, எனக்குப் புரியாத ஒன்றைச் சொல்லிவிட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார்.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஊர் ரொம்பத் தொலைவில் இருக்கிறது என்று முதல்முறையாகத் தொண்டையில் உணர்ந்தது அப்போதுதான்.

மொழி தெரியாமல் படம் பார்ப்பது எனக்குப் புதிது இல்லை. முதல் 'ஜுராசிக் பார்க்' படத்தையே அப்படித்தான் பார்த்தேன். 1993இல் அமெரிக்காவில் வந்த படம் எங்களுக்கு 1994 கோடை விடுமுறையில்தான் கிடைத்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு அப்பா கூட்டிப் போனார். அப்பா பஸ் கண்டக்டர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனால் வாய் ஓயாது. படம் முழுக்க வெற்றிலை வாசத்தோடு என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வேலியில் மின்சாரம் நின்றபோது, "கரண்ட் போச்சு பாப்பா, இனி வேலி வெறும் கம்பி" என்றார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது திண்டுக்கல் தியேட்டரில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். கூட்டமே 'உச்' கொட்டியது.

அப்புறம் அந்தத் தண்ணீர். காருக்குள் வைத்த தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு வரும், டைனோசர் இன்னும் கண்ணில் படாது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைச் செய்து காட்டினார். அம்மா முற்றத்தில் உலக்கை போட்டுக்கொண்டிருந்தார். உரலுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார். உலக்கை விழும்போதெல்லாம் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒரு வளையம் ஓடி வந்து மறைந்தது. "வருது பாரு, வருது பாரு" என்றார். அந்தக் காட்சிக்காக காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் தந்தியைக் கட்டி மீட்டினார்கள் என்று பிற்பாடு படித்தேன். எனக்கு அது இன்றைக்கும் அம்மாவின் உலக்கைதான்.

சரி, 'ஜுராசிக் வேர்ல்ட்' படத்துக்கு வருகிறேன். 2001இல் மூன்றாம் பாகம் வந்து, பதினான்கு வருட இடைவெளிக்குப் பிறகு வந்தது இது. காலின் ட்ரெவாரோ இயக்கம். அதே இஸ்லா நுப்லார் தீவு. பாதுகாப்பாக இயங்கும் பூங்கா, தினமும் ஆயிரக்கணக்கில் கூட்டம். சனங்களுக்கு டைனோசர் அலுத்துவிட்டதாம், அதனால் பல மிருகங்களின் மரபணுவைக் கலந்து இன்டோமினஸ் ரெக்ஸ் என்று புதிதாக ஒன்றைச் செய்கிறார்கள். கதையின் மையம் இதுதான், கதையின் பலவீனமும் இதுதான். முதல் படத்தில் 127 நிமிடத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது ஏறத்தாழ கால் மணி நேரம். டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டி வர ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பயம் ஊறியது. இதில் காத்திருப்பே இல்லை. பெரிது வருகிறது, அதைவிடப் பெரிது வருகிறது. பூங்காவை நிர்வகிக்கும் கிளேரின் உதவியாளராக வரும் பெண்ணைப் பறக்கும் மிருகங்கள் மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டு, கடைசியில் மோசசாரஸ் என்ற நீர்மிருகம் விழுங்குவதை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்! அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? எனக்கு ஆறவே இல்லை.

ஆனாலும் இரண்டு இடத்தில் படம் என்னை ஜெயித்தது. கிளேரைப் பார்க்க வரும் அண்ணன் தம்பியில் சின்னவன் ஓட்டல் அறையின் பால்கனிக்கு ஓடிக் கதவைத் திறக்கிறான், பூங்கா முழுதும் விரிகிறது, ஜான் வில்லியம்ஸின் பழைய இசை எழும்புகிறது. அதற்கு டப்பிங் கிடையாது. திண்டுக்கல்லில் கேட்ட அதே இசை. இன்னொன்று, அண்ணன் தம்பி இருவரும் காட்டுக்குள் கொடி படர்ந்த பழைய கட்டிடத்தைக் கண்டுபிடிக்கும் இடம். முதல் படத்தில் கிழிந்து விழுந்த அந்தத் துணிப் பதாகை தரையில் கிடக்கிறது. பழைய ஜீப் தூசியோடு நிற்கிறது. அதைத் தட்டிக் கிளப்புகிறார்கள். அங்கே பேச்சு குறைவு, எனக்கு எல்லாம் புரிந்தது. முழுப் படமும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே நடந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மாத்தாந்தின் பேரன் அடிக்கடி என் பக்கம் சாய்ந்து கிரியோலில், அதாவது இங்கே பேசும் பிரெஞ்சுச் சாயல் மொழியில், கதை சொன்னான். அப்போது எனக்குத் தெரிந்தது கடைத்தெருக் கிரியோல் மட்டும். 'ஓடு', 'சாப்பிட்டுடுச்சு' இரண்டும் பிடிபட்டன. பயப்படும் இடங்களில் "பா பெர், பா பெர்" என்று என் கையைப் பிடித்தான். பயப்படாதே என்று அர்த்தம். அவன் பெயர் முருகனின் பெயர்தான், ஆனால் அவன் சொல்லும்போது கடைசி எழுத்து மூக்கு வழியாகப் போய்விடும். அவன் பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவார், தேவாரத்தை ரோமன் எழுத்தில் வைத்துப் படிப்பார், "வணக்கம்" என்று கைகூப்புவார். அதற்கு மேல் தமிழ் கிடையாது. ஆனால் அவர் சமையலறையில் ரசம் 'ரசோன்', முருங்கைக் கீரை 'ப்ரெத் முரும்', கறிவேப்பிலை 'கரிபுலே'. வந்த புதிதில் இந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

படம் முடிந்த அன்றிரவு அப்பாவுக்கு போன் போட்டேன். இங்கே எட்டரை, அங்கே பத்து. அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போய்த் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு, அவரே கூப்பிட்டார். "மஸ்ரானி என்னப்பா சொன்னாரு?" என்றுதான் முதலில் கேட்டேன். "நாமெல்லாம் இந்தப் பூமிக்கு நேத்து வந்தவங்க, ரொம்பச் சின்னவங்க. அதை ஞாபகப்படுத்தத்தான் இந்த பார்க்கே இருக்குன்னு சொல்றார்மா" என்றார். ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தவளுக்கு அந்த வசனம் எப்படி இருந்திருக்கும்! அப்புறம் நாற்பது நிமிடம் முழுக் கதையையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார். நான் பார்த்த படத்தை விட அது நன்றாக இருந்தது.

இப்போது பத்து வருடம் ஓடிவிட்டது. கிரியோலில் பேரம் பேசுகிறேன், பிரெஞ்சுச் செய்தி புரிகிறது. இது என் ஊர் என்று சொல்லத் தயக்கம் இல்லை. ஆனால் கோர் தெ கார்ட் மலையடியில் இருக்கும் முருகன் கோவிலைக் கடந்து பஸ் போகும்போதெல்லாம் பழனி அடிவாரத்தில் இறங்கத் தயாராவது போல என் கை பையைத் தேடிவிடுகிறது.

2018 ஜனவரியில், காவடி சமயத்தில் அப்பா வந்தார். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. வாழை இலையில் ஏழு கறி வைத்தபோது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "அட, நம்ம பூசணிக்காய்!" என்றார். போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூட்டின் முன் கூட்டிப் போய் நிறுத்தினேன். எத்தியேன் திரியூ என்ற முடிதிருத்துபவர் 1900களின் தொடக்கத்தில் தேடிக் கண்டெடுத்தது. பல பறவைகளின் எலும்புகளை ஒட்டுப் போட்டது இல்லை, ஒரே பறவையின் எலும்புகள். டச்சுக்காரர்கள் 1598இல் வந்தார்கள், நூறு வருடத்துக்குள் பறவை இல்லாமல் போனது. தின்று தீர்த்துவிட்டார்கள் என்பார்கள், ஆனால் கறி சுவையே இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதரோடு கப்பல்களில் வந்த எலி, பன்றி, குரங்கு எல்லாம் தரையில் இட்ட முட்டையைத் தின்றதுதான் பெரிய காரணம். 2023இல் ஓர் அமெரிக்க நிறுவனம் டோடோவைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் போன டைனோசரின் மரபணு எதிலும் மிஞ்சாது. டோடோவின் மரபணு கிடைத்திருக்கிறது. உயிரோடு இருப்பதில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறாவாம். நம் அந்தமான் பக்கத்துப் பறவை!

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து தண்ணீர் பாட்டில் வாங்க மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, கண்டக்டர் பழக்கத்தில், இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினார். நீர்க்குறியில் டோடோவின் தலை தெரிந்தது. முன்பக்கம் ரங்கநாதன் சீனிவாசன் படம், தமிழ் வழி வந்த அரசியல்வாதி. கூடவே தமிழில் தொகை. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி நோட்டு அடித்தபோது இங்குள்ள தமிழர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்களும்தான். நோட்டையே திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி அடித்தார்கள். அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு, "நூறு ரூபாய்" என்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். கடைக்காரர் சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

2025 ஜூலையில் 'ஜுராசிக் வேர்ல்ட் ரீபர்த்' வந்தது. வெளியான அந்த வாரமே அப்பாவின் போன். அவருக்கு அறுபத்தேழு வயது, திண்டுக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"நீ பாத்துட்டியாம்மா?"

"இல்லப்பா." அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். சொல்லவில்லை.

"கேளு. முதல்ல ஒரு லேப். ஒருத்தன் சாக்லேட் தின்னுட்டு தாளைக் கீழ போடுறான். அந்தத் தாள்தான் எல்லாத்துக்கும் காரணம்."

அடுப்பைக் குறைத்துவிட்டு, கரிபுலே உருவிக்கொண்டே, "ம்" என்றேன்.