கோத்தகிரி கார்னேஷன் டில்லிக்குப் போக: கோவை விமானத்தில் பூப்பெட்டி ஏற்றும் முறை

பூ அறுக்கும் முன்பே விமானத்தை முடிவு செய்துவிட வேண்டும். கோவையிலிருந்து பூ பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடித்தட்டில்தான் போகிறது. பயணிகளின் பைகள் ஏறிய பிறகே நம் பெட்டிக்கு இடம். ஏ320 என்ற பெரிய ஜெட் விமானம் என்றால் கவலையில்லை. ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம் என்றால் பைகள் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். சரக்கு ஏஜென்டிடம் நேரம் கேட்கும்போதே எந்த விமானம், டில்லிக்கு நேராகப் போகிறதா என்றும் கேளுங்கள். நடுவில் இறக்கி ஏற்றினால் பெட்டி வெயிலில் கிடக்கும்.

இரவு கோவையிலேயே நிறுத்தப்பட்டு, காலையில் முதலில் கிளம்பும் விமானம் கிடைத்தால் அதையே பிடிப்போம். மதியத்துக்கு மேல் வரும் விமானம் நாலு ஊர் சுற்றி, எல்லா ஊர்த் தாமதத்தையும் சுமந்துகொண்டு வரும். தாமதம் நீண்டு விமானிகளின் பணிநேர வரம்பு தீர்ந்துவிட்டால், மாற்று விமானிகள் தங்கள் தளமான ஊரிலிருந்து வந்தாக வேண்டும். காலை விமானத்திலும் ஒரு சிக்கல் உண்டு: முந்தைய இரவு அது பிந்தி வந்திருந்தால், விமானிகளின் கட்டாய ஓய்வு முடியாமல் கிளம்பாது. அது தரையிறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே வண்டியைக் கீழே அனுப்புங்கள்.

கட்டணத்தில் பணம் போவது பெட்டியின் அளவில். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வரும் கிலோவும், தராசு காட்டும் கிலோவும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 100×45×30 பெட்டி 17 கிலோ எடை இருந்தாலும் கணக்கு 22.5 கிலோ. உயரத்தை 25 ஆக்கினால் 18.75. பத்துப் பெட்டிக்கு 37.5 கிலோ மிச்சம்! ஆனால் பூவை நசுக்கி அடைக்காதீர்கள். தண்டுகள் நகராதபடி கட்டினால் போதும்.

வெளி இதழ்கள் பிரஷ் முனை போல நிமிர்ந்து நிற்கும் பருவத்தில் அறுத்து, தண்ணீரில் நிறுத்தி, 2 முதல் 4 டிகிரியில் நன்றாகக் குளிரவைத்துப் பிறகு பெட்டியில் அடுக்க வேண்டும். ஈரம் கசியும் பெட்டியை விமான நிலைய கார்கோவில் (சரக்குப் பிரிவில்) வாங்க மாட்டார்கள். வாழை, தக்காளி ஏற்றிய வண்டியில் பூவை ஏற்றவே கூடாது. பழுக்கும் காய்கனி விடும் ஈத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்ளே சுருண்டு தூங்கிப்போகும், பிறகு விரியாது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் இறக்கம். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை வளைவுகளில் யானை நின்றுவிடும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கார்கோவில் எடை, ஸ்கேனிங் இரண்டும் முடிந்தாக வேண்டும் என்பதால் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபைத் தொட்டுக்கொண்டு போகாதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில்தான் பெட்டிகள் அதிகம் ஆஃப்லோட் ஆகின்றன, அதாவது விமானத்தில் ஏறாமல் நின்றுபோகின்றன. டில்லியில் பனிமூட்டம் என்றால், வேறு ஊரில் இறங்க நேரலாம் என்று கூடுதல் எரிபொருள் நிரப்புவார்கள். அந்த எடைக்கு முதலில் இறக்கப்படுவது சரக்கு. புத்தாண்டுக்குப் பூ கேட்கும் நேரமும் அதுதான் என்பதால் வயிறு எரியும். அந்த வாரங்களில் ஒரே விமானத்தில் எல்லாவற்றையும் போடாமல் இரண்டு ஏர்வே பில்லாக (விமானச் சரக்குச் சீட்டு) பிரித்து விடுவது நல்லது. விமானம் கிளம்பியதும் ஏர்வே பில்லின் 11 இலக்க எண்ணைக் கொண்டு எத்தனை பெட்டி ஏறியது என்று பாருங்கள். ஏறாமல் நின்றுபோனதை அடுத்த விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அன்றைக்கு வேறு விமானம் இல்லையென்றால் திரும்ப எடுத்துக் குளிர் அறைக்குக் கொண்டுபோய், டில்லி வியாபாரிக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள்.